ஆய்வு வெளியீட்டுத் தரவுக் காட்சிப்படுத்தல் (நூலகச் சேவை)

ஆய்வு வெளியீட்டுத் தரவுக் காட்சிப்படுத்தல் என்பது, ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர், நிறுவனம், ஆண்டு, அவை சுட்டும் மேற்கோள்கள் முதலிய விவரங்களைத் திரட்டி, யார் யாருடன் இணைந்து எழுதுகிறார்கள், எந்த ஆய்வு எதிலிருந்து கிளைத்தது என்பவற்றைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து காட்டும் பணியாகும். நூலகப் பணியில் புள்ளியியலுக்கு இடம் வேண்டும் என்பதை, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன், 1948இல் இங்கிலாந்தில் நடந்த, ஆஸ்லிப் என்னும் நூலக அமைப்பின் மாநாட்டிலேயே 'லைப்ரமெட்ரி' என்ற பெயரில் முன்மொழிந்தார். ஆயினும் அவர் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் நூலக நடைமுறைக் கணக்குகளே.

வரைபடத்துக்கான மூலப்பொருளை அளித்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டின என்று தேட உதவும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய அவர், 1964இல் இருவருடன் சேர்ந்து, மெண்டல் முதல் நிரென்பெர்க் வரையிலான மரபியல் ஆய்வுகளின் தொடர்பை வரைந்து, அதை ஐசக் அசிமோவ் எழுதிய வரலாற்று நூலோடு ஒப்பிட்டார். இரு கட்டுரைகள் பிற கட்டுரைகளில் சேர்ந்தே சுட்டப்படுவதை உறவின் அளவுகோலாகக் கொள்ளும் இணைமேற்கோள் முறையை, 1973இல் ஹென்றி ஸ்மாலும் ரஷ்யாவின் இரினா மர்ஷகோவாவும் தனித்தனியே முன்வைத்தனர்.

இத்தனை இருந்தும் வரைபடம் நெடுங்காலம் வல்லுநர்களின் கைப்பொருளாகவே இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மான் நூலகத்தில் 2003இல் தொடங்கிய 'விவோ' என்னும் ஆய்வாளர் விவரத் தளமும், லைடன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கி 2010இல் ஆய்விதழில் விளக்கிய 'வாஸ்வியூவர்' என்னும் இலவச மென்பொருளும், இதைச் சாதாரண நூலகரும் செய்யத்தக்க பணியாக்கின. வாஸ்வியூவர் படத்தில் வட்டத்தின் பருமன் முக்கியத்துவத்தையும் அண்மை உறவின் நெருக்கத்தையும் காட்டும். மேல், கீழ், இடம், வலம் என்பவற்றுக்குப் பொருள் இல்லை என்பதைச் சேவை பெறுவோருக்கு விளக்குவதும் நூலகரின் பொறுப்பே.

உண்மையான உழைப்பு படத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது எனலாம். முன்னெழுத்தோடு எழுதப்படும் தமிழ்ப் பெயரில், தந்தை பெயரின் எழுத்து ஒரு பதிவில் முன்னும் மறுபதிவில் பின்னும் வர, ஒருவரே இருவராகவும் பலர் ஒருவராகவும் பதிவாகிவிடுவது உண்டு. 2012இல் செயற்படத் தொடங்கிய 'ஆர்சிட்' ஆய்வாளர் அடையாள எண் இக்குழப்பத்தைக் குறைத்தாலும், பழைய பதிவுகளைக் கையால்தான் சரிபார்க்க வேண்டியுள்ளது.

எண்களை மட்டும் வைத்து ஆய்வாளரை எடைபோடலாகாது என 2015இல் வெளியான லைடன் அறிக்கை வலியுறுத்தியது. தரவின் உடைமை குறித்த கேள்வியும் எழுந்தது. 2022இல் 'ஓப்பன்அலெக்ஸ்' என்னும் கட்டணமற்ற தரவுத்தளம் வெளிவந்த பின், பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகம் 2024 முதல் 'வெப் ஆஃப் சயின்ஸ்' என்னும் கட்டண மேற்கோள் தரவுத்தளத்தின் சந்தாவை நிறுத்திக்கொண்டது.