ஓர் எழுத்துப் பிழையின் வரலாறு



நெடிய உடலும் நீண்ட விரல்களும் நம் கண்ணுக்கு அழகாகவே தோன்றும். ஆயினும், 1896-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து மருத்துவர் அந்துவான் மார்ஃபான் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் விரல்களைக் கண்டு கவலை கொண்டார். அவற்றைச் சிலந்தியின் கால்களுக்கு ஒப்பிட்டு எழுதினார். அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. ஆனால் அச்சிறுமிக்கு இருந்தது இதனை ஒத்த வேறொரு நோயாகவே இருக்கலாம் என்று பின்வந்த அறிஞர் பலர் கருதுகின்றனர். பெயர் சூட்டுவதில் வரலாறு இவ்வாறு விளையாடுவதும் உண்டு!

மார்ஃபான் கண்டது எலும்பை மட்டுமே. கண்வில்லை இடம் பெயர்வதும், இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனி விரிந்து கிழிவதும் இதே நோயின் கூறுகள் என்பது பின்னரே தெளிவாயிற்று. எலும்பு எங்கே, கண் எங்கே, இதயம் எங்கே? இவற்றிற்குள் என்ன உறவு?

இவ்வினாவை எழுப்பியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் மெக்யூசிக். இதயநோய் மருத்துவராகிய அவர், பரம்பரை இணைப்புத் திசு நோய்களைப் பற்றி 1956-இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்வில்லையைத் தாங்கும் நுண்ணிய நார்களுக்கும் பெருந்தமனியின் சுவருக்கும் பொதுவான பொருள் எதுவென அறிந்தால் நோயின் மூலம் விளங்கும் என்பது அவர் கருத்து. விடை தெரியாத வினாவை அச்சில் ஏற்றுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்நூலில் நான் பெரிதும் மதிப்பது அத்துணிவையே.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1986-இல் லின் சகாய் என்னும் பெண்மணியும் அவர் குழுவினரும் ஃபைப்ரில்லின் என்ற புரதத்தைக் கண்டறிந்தனர். கண்ணின் நார்களிலும் தமனியின் சுவரிலும் அது இருந்தது! 1991-இல், மெக்யூசிக்கின் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ஹாரி டீட்ஸ் முதலியோர் பதினைந்தாம் குரோமோசோமிலுள்ள ஃபைப்ரில்லின் ஜீனில் பிழையைக் கண்டனர். அப்புரதம் 2,871 அமினோ அமிலங்களாலான நீண்ட சங்கிலி. அதில் அர்ஜினின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் ப்ரோலின் அமர்ந்திருந்தது. வேறுபாடு அவ்வளவே. உறவில்லாத இரு நோயாளரிடம் அதே பிழை காணப்பட்டது. பெற்றோரிடம் அது இல்லை. பிள்ளைகளிடம் புதிதாகத் தோன்றிய சடுதி மாற்றம் அது. நோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இத்தகையோர். ஏனையோர் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பெற்றவர்கள். நோயுற்றவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதும் வராததும் சரிபாதி வாய்ப்பு.

ஃபைப்ரில்லின் கண்டறியப்பட்ட அதே 1986-ஆம் ஆண்டின் ஜனவரியில், அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் ஜப்பானில் ஆடிக்கொண்டிருந்தார். ஆறடி ஐந்தங்குல உயரம். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியினர். ஆட்டத்தின் நடுவே ஓய்வுக்காக வெளியே வந்து அமர்ந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். வயது முப்பத்தொன்று. பெருந்தமனி கிழிந்திருந்தது. அவ்வுயரம் நோயின் அடையாளம் என்பதை அதுவரை எவரும் கூறவில்லை. பின்னர் அவருடைய குடும்பத்தாரைச் சோதித்தபோது, உடன்பிறந்தவர் ஒருவருக்கும் அதே நோய் இருப்பது தெரிந்தது. அவருக்குக் காலத்தே அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது.