அளத்துக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விடுவாள்?

தூத்துக்குடி என்றாலே வரலாறு எழுதுகிறவர்கள் முத்துக்குளிப்புக்குப் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் வ.உ.சி.யின் கப்பலுக்கு. நான் கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கேள்விக்குப் பதில். இந்தக் கரையில் கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கைக்குழந்தையை விட என்னென்ன வழி இருந்தது?

கோரல் மில்லிலிருந்து தொடங்கலாம். அங்கே 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம் தொடங்கியபோது தொழிலாளர்கள் கேட்டவை கூலி உயர்வு, வார விடுமுறை போன்றவை. அன்றைய தொழிற்சாலைச் சட்டப்படி 9 வயசுப் பிள்ளையே மில் வேலைக்குப் போகலாம். 1881-ல் வந்த முதல் சட்டத்தில் 7 வயசே போதும்! 1922-ல்தான் அது 12 ஆனது. ஆக, சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தை முதலில் தெரிந்தது தொழிலாளியாகத்தான். வேலைக்கு வந்த தாயின் குழந்தை எங்கே இருக்கும் என்கிற யோசனை 1934 சட்டத்தில் வருகிறது. 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், 6 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் சொல்லி மாகாண அரசு விதி போடலாம். 'போடலாம்', அவ்வளவுதான். 1948 சட்டத்தின் 48-ஆம் பிரிவு காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976-ல் அந்த எண்ணிக்கை 50-லிருந்து 30-க்கு இறங்கியது.

சரி, உப்பளம் தொழிற்சாலையா? கூரையில்லாத வெட்டவெளியைத் தொழிற்சாலை என்று எப்படிச் சொல்வது என்ற வாதம் பம்பாய் உப்பளம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடல்நீரை உப்பாக்குவதும் உற்பத்திதான், உப்பளமும் தொழிற்சாலைதான் என்று 1961-ல் தீர்ப்பு வந்தது. தூத்துக்குடிக்கு இது பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 48-ஆம் பிரிவு பெண்களின் தலையை எண்ணியதே! சின்ன அளத்தில் பத்துப் பதினைந்து பேர் உப்புச் சுமந்தால் அங்கே காப்பகம் கேட்க வழியில்லை. ராஜம் கிருஷ்ணன் 1979-ல் 'கரிப்பு மணிகள்' எழுதியது இந்த அளத்து மனிதர்களைப் பற்றித்தான்.

ஆக, தாய்க்கு மிச்சம் இருப்பது என்ன? பிள்ளையைக் கூடவே தூக்கிப் போகலாம். அளத்தில் நிழல் கிடையாது. வெயிலில் உப்பின் வெள்ளை பெரியவர்கள் கண்ணையே கூச வைக்கும். அங்கே எந்த மரத்தில் தொட்டில் கட்டுவது? ஆச்சியிடம் விடலாம். உடம்பில் தெம்பிருக்கிற ஆச்சியும் அளத்துக்குப் போகிறவள்தான். வீட்டோடு இருக்கிறவள் பெரும்பாலும் முடியாமல் உட்கார்ந்தவள். அப்புறம், மூத்த பெண்பிள்ளை. கூலி கேட்காத, எந்தப் பதிவேட்டிலும் வராத ஆள் அவள். இந்தக் கரையின் குழந்தைப் பராமரிப்பை யார் தாங்கினார்கள் என்று கேட்டால் என் பதில் அந்த எட்டு, பத்து வயசு அக்காதான்.

அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிட்டதில் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 2 வயசு ஆன தம்பிக்கும் அதில் சாப்பாடு உண்டு. இடுப்பில் இருந்தவனை இறக்கிவிட ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அளத்து வேலை வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே தொடங்கிவிடும். அங்கன்வாடி திறக்கிறது அரசாங்க நேரத்துக்கு. 2 வயசு ஆகாத குழந்தைக்கோ அங்கிருந்து சத்துமாவு வீட்டுக்கு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வராது.

நூறு நாள் வேலையில் ஒரு விதி வைத்தார்கள். 6 வயசுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். அங்கே எண்ணுவது பிள்ளைகளை. அளத்துக்கும் இதே கணக்கை வைத்தால் பத்துப் பெண்கள் வேலை பார்க்கிற இடத்திலேயே ஐந்து குழந்தைகள் தேறும். இன்றைக்கு அங்கன்வாடி திறக்கும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்கிறவள் அதே அக்காதான். அவனை விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.