கறுப்புச் சதுரத்தின் வரலாறு

காணொளி உரையாடலில் குரல் கேட்கிறது. முகம் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம் ஒன்று நிற்கிறது. காமிரா கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது கெட்டிருப்பதில்லை. முகம் தெரியாமற் போவதற்கான காரணங்கள் காலந்தோறும் மாறி, அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவ்வடுக்குகளை அறிந்தவருக்குக் கோளாறு எங்கே என்று தேடுவதும் எளிது.

அடியில் இருப்பது கம்பியின் அடுக்கு. 1927 ஏப்ரல் 7 அன்று, வாஷிங்டனில் இருந்த அமெரிக்க வர்த்தகத் துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவரின் முகத்தை நியூயார்க்கில் இருந்தோர் கண்டனர். அவர்களை அவரால் காண இயலவில்லை. படம் ஒரு திசையில் மட்டுமே சென்றது. 1936இல் ஜெர்மன் அஞ்சல் துறை பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே பொதுமக்களுக்கான காட்சித் தொலைபேசியைத் திறந்தது. இரண்டாம் உலகப் போர் அதற்கு முடிவு கட்டியது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தன் 'பிக்சர்ஃபோனை'க் காட்சிக்கு வைத்தது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் அதை வணிகச் சேவையாகத் தொடங்கியது. மாதக் கட்டணம் 160 டாலர். அதற்கு முப்பது நிமிடப் பேச்சு. குரலுக்கு ஓர் இணைக் கம்பி போதும். படத்திற்கோ மேலும் இரண்டு இணைகள் தேவைப்பட்டன. சந்தாதாரர்கள் சில நூறு பேரைத் தாண்டவில்லை. விலை மட்டும் காரணமன்று. தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் தம்மைப் பிறர் பார்ப்பதைப் பலர் விரும்பவில்லை. தன் முகத்தை மறைத்துக்கொண்டு பேசும் வசதி அக்கருவியிலேயே இருந்தது என்பது கருதத்தக்கது.

அடுத்தது கணினியின் அடுக்கு. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தினர், கூடத்துக் காபிக் குடுவையில் காபி இருக்கிறதா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிய ஒரு காமிராவைப் பொருத்தினர். 1993இல் அப்படம் வையவிரிவு வலைக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 22இல் காமிரா நிறுத்தப்பட்டது. 1994இல் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் குவிக்காம், சுமார் நூறு டாலர் விலையில் வெப்காமிராவை மேசைக்குக் கொண்டுவந்தது. அது காட்டியது பதினாறு சாம்பல் நிறச் சாயல்கள் மட்டுமே. மறு ஆண்டு வந்த விண்டோஸ் வடிவத்தை, அச்சுப்பொறி செருகும் துளையிலேயே செருக வேண்டியிருந்தது. அக்காலக் கோளாறுகள் கணினி காமிராவை அறியாததால் விளைந்தவை. ஒவ்வொரு நிறுவனத்தின் காமிராவுக்கும் தனித்தனி டிரைவர் மென்பொருள். குறுந்தகடு தொலைந்தால் காமிராவும் தொலைந்தது போலத்தான். 2003இல் யூ.எஸ்.பி. காமிராக்களுக்கான பொதுத்தரம் வகுக்கப்பட்ட பின்னரே, செருகியவுடன் கணினி அடையாளம் காணும் நிலை மெல்ல மெல்ல வந்தது.

மேலே இருப்பது அனுமதியின் அடுக்கு. காமிரா எளிதாக இயங்கத் தொடங்கியதும், உரியவர் அறியாமலும் அது இயங்கக்கூடும் என்ற அச்சம் பிறந்தது. பழைய ஆப்பிள் கணினிகள் சிலவற்றில் பச்சை விளக்கு எரியாமலே காமிராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். மக்கள் காமிராவின் மேல் காகிதம் ஒட்டினர். பின்னர் மடிக்கணினிகளே மூடியோடு வரலாயின. 2018இல் வெளிவந்த ஆப்பிளின் மொஹாவி இயங்குதளம், காமிராவைத் தொடும் முன் ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும் என்றாக்கியது. விண்டோஸிலும் உலாவிகளிலும் இத்தகைய காவல்கள் அமைந்தன.

ஆகவே தேடலும் மேலடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் காமிராவின் மூடியைப் பாருங்கள். காமிராவை அணைக்கும் விசை சில மடிக்கணினிகளில் உண்டு. அடுத்து, கணினியோடு வரும் காமிராச் செயலியைத் திறவுங்கள். அங்கே முகம் தெரிந்தால் காமிராவும் டிரைவரும் நலம். தடை உரையாடல் செயலியில் உள்ளது. அதன் அமைப்பில் வேறொரு காமிரா தேர்வாகியிருக்கலாம். பின்னணியில் திறந்திருக்கும் மற்றொரு செயலி காமிராவைப் பிடித்து வைத்திருக்கலாம். உலாவியில் என்றோ 'மறு' என்று அழுத்தியது இன்றும் நிலைத்திருக்கலாம். விண்டோஸின் அந்தரங்க அமைப்பில், மேசைக்கணினிச் செயலிகளுக்கான அனுமதி தனியே உள்ளது. பலர் அதைக் காணாமல் கடந்துவிடுகின்றனர். ஆப்பிள் கணினியில் அனுமதி தந்த பின் செயலியை முற்றிலும் மூடித் திறக்க வேண்டியிருக்கும். காமிராச் செயலியிலும் இருளே தெரிந்தால், அதற்கான அனுமதியையும் சரிபார்த்த பின் கீழே இறங்குங்கள்: காமிராவை இணைப்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள். உங்கள் திரையில் உங்கள் முகம் தெரிந்து, எதிராளிக்கு மட்டும் அது உறைந்து நின்றால், 1927ஐப் போலக் கம்பியின் அடுக்கில்தான் சிக்கல்.

2020இல் கல்லூரி வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, என் திரையில் மாணவர்களின் முகங்களுக்குப் பதிலாகக் கறுப்புச் சதுரங்களே வரிசையாக நின்றன. சில மெலிந்த இணைப்பால் கறுத்தவை, சில பழுதால். வேறு சில, ஒற்றை அறை வீட்டையும் அதில் நடமாடுவோரையும் காட்ட விரும்பாமல் அவர்களே அணைத்தவை. பிக்சர்ஃபோனை மறுத்தவர்களின் தயக்கமும் இத்தகையதே. முதல் இரண்டு வகைக்கு மேற்சொன்ன வழிகள் உதவும். மூன்றாவதில் நீக்க வேண்டிய பழுது எதுவும் இல்லை. அங்கே குரலை மட்டும் கேட்டு வகுப்பைத் தொடர்வதே முறை.