மணமான மகளிரும் அரசாங்க உத்தியோகமும்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் வாக்கு. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தமிழர் குடியேறிய வரலாறே அவ்வாக்குக்கு ஓர் உரை எனலாம். முதலில் உத்தியோகம் பெற்ற ஆண்மகன் வருவான். சிறு அறையில் சில ஆண்டு கழிப்பான். பின்னர் ஊருக்குச் சென்று மணம் முடித்து மனைவியை அழைத்து வருவான். மாற்றல் உத்தரவு எங்கே அனுப்பினாலும் குடும்பம் அவனைப் பின்தொடரும். ஆண் பொருள் தேடுவதும் பெண் மனை காப்பதும் இயற்கை வகுத்த பிரிவினை என்றே நம்முள் பலர் எண்ணி வந்தோம். ஆனால் அப்பிரிவினையின் ஒரு பகுதி அரசாங்கத்தின் விதிப்புத்தகத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அது எவ்வாறு எழுதப்பட்டது, எவ்வாறு நீங்கியது என்பதே இப்பேச்சின் பொருள்.

சட்டங்களை மொழிபெயர்ப்போர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் செய்தி ஒன்றுண்டு. 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மத்திய சட்டங்களில் ஆண்பாற் சொல் வருமிடத்தில், சந்தர்ப்பம் இடங்கொடுக்குமாயின், பெண்பாலையும் சேர்த்தே பொருள் கொள்ளவேண்டும். தமிழில் எழுதும்போது இத்தகைய விளக்கத்திற்குத் தேவையில்லை. ‘அவர்’ என்ற ஒரு சொல் இருபாலாரையும் மதிப்போடு குறித்துவிடுகிறது. ஆங்கிலச் சட்டத்தின் ‘அவன்’ பெண்ணையும் தன்னுள் அடக்கிக்கொண்டான். ஆயினும் உத்தியோக விதிகளில் பெண்ணைத் தனியே பிரித்துப் பெயர் சுட்டிய இடம் ஒன்று இருந்தது. அவள் மணம் புரியும் இடமே அது.

பிரிட்டிஷ் ஆட்சியில் ஐ.சி.எஸ். பதவிகளில் மகளிர் எவரும் இருக்கவில்லை. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு, அரசாங்க உத்தியோகத்தில் பால் வேற்றுமையை மட்டும் காரணமாகக் காட்டி எவரையும் விலக்கலாகாது என்று 16ஆம் விதியில் உறுதி கூறிற்று. அதற்குச் சற்று முன்னரே, குடகு நாட்டைச் சேர்ந்தவரும் சென்னையில் கல்வி கற்றவருமான சி. பி. முத்தம்மா தேர்வில் வெற்றி பெற்று, 1949ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்திருந்தார். அப்பணியில் சேர்ந்த முதல் பெண்மணி அவரே. 1951ஆம் ஆண்டில் அன்னா ராஜம் ஜார்ஜ் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து சென்னை ராஜ்யத்தைத் தேர்ந்துகொண்டார். மணம் புரிந்தால் பதவி போய்விடும் என்ற நிபந்தனை தமது நியமன உத்தரவில் இருந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

இந்நிபந்தனை ஏதோ ஓர் அதிகாரியின் தனிப்பட்ட விருப்பு வெறுப்பால் வந்ததன்று. 1954ஆம் ஆண்டின் ஐ.ஏ.எஸ். நியமன விதிகளிலும், 1961ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பணி விதிகளிலும் இதே கருத்து இடம்பெற்றது. மணமான பெண் உரிமையோடு நியமனம் கோர முடியாது. வெளிநாட்டுப் பணியிலிருக்கும் பெண், மணம் புரியுமுன் அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியைப் பெறவேண்டும். மணத்திற்குப் பின் குடும்பப் பொறுப்புகள் அவள் கடமைக்கு இடையூறாகும் என்று அரசாங்கம் கருதினால், ராஜிநாமாச் செய்யும்படி அவளைக் கேட்கலாம்.

இவ்விதிகளை வகுத்தோர் பெண்குலத்தின் பகைவர் என்று நாம் கருத வேண்டியதில்லை. அவர்கள் தம் இல்லங்களில் கண்டதையே எழுதினார்கள். ஆண் அதிகாரிக்கு மணமாயின், சமையலும் பிள்ளை வளர்ப்பும் விருந்தினர் உபசாரமும் மற்றொருவர் கைக்குப் போய்விடும். அவன் கவலையின்றி அலுவலகத்துக்குச் செல்வான். பெண் அதிகாரிக்கு மணமாயின், அவ்வளவும் அவள் தலைமேல் வந்து சேரும் என்று கொண்டார்கள். ஒரே திருமணம் ஒருவர் கணக்கில் வரவாகவும் மற்றவர் கணக்கில் செலவாகவும் எழுதப்பட்டது. வீட்டுச் சுமையை ஏன் ஒருவரே தாங்கவேண்டும் என்ற வினா அக்கணக்கில் எழவே இல்லை.

அவ்வினாவின் ஒரு பகுதி 1965ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியின் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை செய்த பெண்கள், மணமானதும் வேலையை இழக்க வேண்டும் என்பது கம்பெனியின் நியதி. மணமான பெண்கள் அதிகமாக விடுப்பெடுக்கிறார்கள் என்று காரணம் கூறப்பட்டது. பிள்ளைகளே காரணமென்றால், பிள்ளைகளையுடைய விதவைகளுக்கும் அது பொருந்துமன்றோ என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டி, அந்நியதியில் நியாயமில்லை என்று முடிவு கூறிற்று. சட்ட நூல்களில் இவ்வழக்கு அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும் அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்த பெண்களுக்காகத் தொழிற்சங்கம் நடத்திய வழக்கு என்பதால் அது நினைவிற்குரியது.

1979ஆம் ஆண்டில் முத்தம்மா அவர்களே நீதிமன்றத்தை நாடினார். அதற்குள் அவர் பல நாடுகளில் தூதராகப் பணியாற்றியவர். பெண் என்பதால் தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்பது அவரது முறையீடு. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் பதவி உயர்வு கிடைத்துவிட்டமையால் மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், அவ்விதிகளை மௌனமாகக் கடந்து செல்லவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் கடமைக்கு இடையூறாகுமென்றால் ஆணுக்கும் அவ்வாறே ஆகலாமே என்று கேட்டார். எல்லாத் தொழிலிலும் எல்லா நிலையிலும் ஆணும் பெண்ணும் வேறுபாடின்றி ஒன்றே என்று தாம் கூறவில்லை என்றும், வேறுபாடு காட்ட வேண்டுமாயின் அதற்குரிய தேவை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றும் விளக்கினார். பணி விதிகள் அனைத்தையும் ஆராய்ந்து இக்களங்கத்தை நீக்குமாறு அரசாங்கத்தை வற்புறுத்தினார். அவ்விதிகள் இன்று இல்லை.

எனினும் வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை. 1981ஆம் ஆண்டில் விமானப் பணிப்பெண்களின் வழக்கு வந்தது. முதற் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற நியதியை சுப்ரீம் கோர்ட்டு கடுமையாகக் கண்டித்து நீக்கிற்று. ஆனால் வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரியலாகாது என்ற நியதியை நியாயமானதென்றே ஏற்றுக்கொண்டது.

இன்றைய விதிகளையும் இக்கண்கொண்டு பார்ப்பது நன்று. மத்திய அரசாங்கத்தின் ஆண் ஊழியருக்கு, குழந்தை பிறக்குங்கால் 15 நாள் விடுப்புண்டு. பெண் ஊழியருக்கு, மகப்பேற்று விடுப்பன்றி, குழந்தைகளைப் பேணுவதற்கென்று பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுப்பு 2008ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2018ஆம் ஆண்டில் அது மனைவியின்றித் தனியே குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் விரிவாயிற்று. இவை பல தாய்மாரின் வேலையைக் காத்த நல்ல விதிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீட்டில் தாய் இருக்கும்வரை குழந்தை அவள் பொறுப்பே என்ற பழைய எண்ணம் அவ்வெண்களுக்கிடையே இன்னும் ஒளிந்து நிற்கிறது.

சொந்த ஊரையும் உற்றார் துணையையும் விட்டு வந்த நம் குடும்பங்களில் இக்கேள்வி மேலும் கூர்மையானது. பாட்டியோ அத்தையோ அருகில் இல்லாத நகரத்து வீட்டில், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்பவர் யார்? கணவனுக்கு வேற்றூருக்கு மாற்றல் வந்தால் யாருடைய வேலை கைவிடப்படுகிறது? நம் பெண்மக்களை நன்றாகப் படிக்க வைக்கிறோம், தேர்வெழுதத் தூண்டுகிறோம். அவர்கள் பெற்ற பதவியை மணத்திற்குப் பின்னும் வகிக்க அரசாங்கத்தின் அனுமதி இனித் தேவையில்லை. கணவன் வீட்டில் அவர்கள் அதை வேண்டிப் பெற நேராதபடி நம் ஆண்மக்களை வளர்ப்பது நமது கடமை.