மேசையை அகற்றியவர்

பழகிய பேரங்காடி ஒன்று சில வாரங்கள் மூடிக் கிடந்து, புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்படுகிறது. பருப்பு இருந்த இடத்தில் சோப்பு. அரிசியைத் தேடிப் போகும் நாம் பிஸ்கட்டுகளின் நடுவே திகைத்து நிற்கிறோம். நம் எரிச்சல் நியாயமானதே. எனினும், அங்காடியின் உட்புறம் என்பதே வாங்குபவரை நடத்திச் செல்வதற்காக வரையப்பட்ட பாதைதான். அப்படியொரு வரைபடத்துக்குக் காப்புரிமையே பெற்ற மனிதர் ஒருவர் இருந்தார்.

கிளாரன்ஸ் சாண்டர்ஸ், 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 'பிக்லி விக்லி' என்ற மளிகைக் கடையைத் திறந்தார். (ஏன் இந்த விசித்திரப் பெயர் என்று கேட்டவர்களிடம், இப்படிக் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் என்றாராம்.) அதுவரை அங்கே கடையென்றால் நடுவில் நீண்ட மேசை, இப்பால் வாடிக்கையாளர், அப்பால் சிப்பந்தியும் சரக்கும். பட்டியலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பீப்பாயிலிருந்து மாவை அள்ளி, நிறுத்து, கட்டித் தருவார் சிப்பந்தி. யாரை முதலில் கவனிப்பது, எந்தச் சரக்கைச் சிபாரிசு செய்வது எல்லாம் அவர் கையில்.

சாண்டர்ஸ் அந்த மேசையை எடுத்துவிட்டார். சுழலும் தடுப்பைத் தள்ளிக்கொண்டு நுழைபவர், கூடையும் கையுமாக, அடுக்குகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றைப் பாதையில் எல்லாச் சரக்கையும் கடந்தே பணம் செலுத்துமிடத்தை அடைய முடியும். குறுக்கு வழி கிடையாது. இந்தத் 'தற்சேவைக் கடை'க்கு 1917 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது.

விலை எல்லோருக்கும் ஒன்றாயிற்று, கண்ணுக்கும் தெரிந்தது. இது சிறிய விடுதலை அன்று. ஆனால் கடன் போயிற்று, ரொக்கம் மட்டுமே. சிபாரிசு செய்ய ஆளில்லாததால் பெட்டியும் அதன் வண்ணச் சீட்டுமே பேச வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சிப்பந்தி கூலிக்குச் செய்த வேலையை வாடிக்கையாளர் கூலியின்றிச் செய்யத் தொடங்கினார். இன்று ரசீதையும் நாமே போட்டுக்கொள்ளும் இயந்திரங்களின் முன் நிற்கும்போது, அந்தப் பாதையில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

பிற மாற்றங்கள் இதன் தொடர்ச்சிகள்தாம். கூடை கனத்தால் வாங்குவது நின்றுவிடும் என்று கண்ட சில்வன் கோல்ட்மன், 1937இல் ஓக்லஹோமா நகரில் தள்ளுவண்டியைக் கொணர்ந்தார். மடக்கு நாற்காலியைப் பார்த்து உதித்த யோசனை. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், முதன்முதலாகப் பட்டைக் குறியீட்டின் வழியே ஒரு பொருள் விற்பனையாயிற்று. பத்துச் சிறு பொதிகள் கொண்ட சூயிங்கம் கட்டு, விலை 67 சென்ட்.

சாண்டர்ஸின் கதை வேறு திசையில் போயிற்று. 1923இல் பங்குச் சந்தைப் போரொன்றில் இறங்கித் தோற்று, தன் நிறுவனத்தையே இழந்தார். இளஞ்சிவப்புச் சலவைக்கல்லில் அவர் எழுப்பிய மாளிகை, குடியேறும் முன்பே கைவிட்டுப் போனது. 1937இல் 'கீடூசல்' என்ற தானியங்கிக் கடையைத் தொடங்கினார். அங்கே சரக்குகள் கண்ணாடிக்குப் பின்னே இருந்தன. வாங்குபவர் துளையில் சாவியைச் செருகித் தேர்ந்தெடுக்க, நகரும் பட்டை பொருள்களைக் கொண்டுவந்து சேர்க்கும். மேசையை அகற்றியவரே சரக்கை மீண்டும் எட்டாத இடத்தில் வைத்தார்! இயந்திரங்கள் அடிக்கடி பழுதாயின, முயற்சி தேறவில்லை. 1953இல் அவர் மறைந்தார்.

கைவிட்டுப்போன அந்த மாளிகை பின்னர் அருங்காட்சியகமாயிற்று. அதனுள் முதல் பிக்லி விக்லியின் மாதிரி ஒன்றை அமைத்தார்கள்.