கோட்டை நட்டும் கொண்டை ஊசியும்

பிப்ரவரி 16, 2000. இரவு எட்டு மணி நெருங்கும் நேரம். கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கத்து மேதர் விமான நிலையத்திலிருந்து ஒரு சரக்கு விமானம் கிளம்பியது. எமெரி வேர்ல்டுவைடு நிறுவனத்தின் டிசி-8. கிளம்பிய கையோடு மூக்கு தன்னிஷ்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டது. திரும்பி வந்து இறங்கிவிடலாம் என்று விமானிகள் போராடினார்கள். முடியவில்லை. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

விழுந்த இடம் எது தெரியுமா? பழைய கார்களை உடைத்து விற்கும் ஒரு காயலான் கடை!

2003-ல் விசாரணை முடிவு வந்தது. விமானத்தின் வாலில், மூக்கை ஏற்றி இறக்கும் பலகைக்குப் போகும் தண்டை ஒரு போல்ட் பிடித்திருக்க வேண்டும். போல்ட்டை ஒரு நட்டு பிடித்திருக்க வேண்டும். நட்டை ஒரு கம்பித் துண்டு. இந்தப் பூட்டைச் சரியாகப் போடவில்லை, போட்டதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. போல்ட் கழன்றுவிட்டது. அவ்வளவுதான்.

கம்பித் துண்டின் பெயர் ஸ்ப்ளிட் பின். அமெரிக்கர்களுக்கு அது காட்டர் பின். (நம்ம ஊர் சைக்கிள் கடையில் காட்டர் பின் கேட்டால் பெடல் கட்டையை இறுக்கும் ஆப்பைத்தான் தருவார்கள். பெயரின் பழைய அர்த்தமும் அதுதான். நீராவி எஞ்சின் காலத்தில் காட்டர் என்றால் ஆப்பு.) பார்க்கக் கொண்டை ஊசி மாதிரி இருக்கும். நட்டின் தலையில் கோட்டை மதில் போல ஆறு வெட்டு, அதனால் அது காஸில் நட்டு. போல்ட்டில் குறுக்கே ஓட்டை. வெட்டும் ஓட்டையும் நேராக வந்ததும் பின்னைச் செருகிக் காலை மடக்கிவிட்டால், எவ்வளவு அதிர்ந்தாலும் நட்டு கழன்று விழாது.

இந்த வித்தையை நம்பித்தான் ஒரு தேசமே சக்கரம் ஏறியது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு தயாரித்த மாடல் டி கார்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஓடியதெல்லாம் பெரும்பாலும் மண் ரோடு, குண்டும் குழியும். முன் அச்சில் இடது சக்கரத்துக்கு மட்டும் மரையைத் திருப்பி வெட்டியிருப்பார்கள், சக்கரம் சுற்றுகிற சுற்றில் நட்டு கழலக் கூடாதென்று. அதற்கு மேலும் ஒரு பின்!

உங்களிடம் ஒரு மாடல் டி மாட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துத் துடைத்துப் பெயின்ட் அடித்தாயிற்று. கழற்றிய பின்களைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கின்றன. நிமிர்த்திப் போட்டால் என்ன? போடாதீர்கள். ஒருமுறை மடங்கிய இரும்பை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும். நான் படித்தது காமர்ஸ். என் கணக்குக்கே அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது.

ஓட்டையை நிறைக்கிற பின்னாக வாங்குங்கள். மெலிந்த பின் ஆடி ஆடியே அறுந்துவிடும். பித்தளை மினுக்கும், ஆனால் மெத்து. ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

இனிதான் சூட்சுமம். நட்டை இறுக்கிவிட்டீர்கள், ஓட்டை நேராக வரவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது? சக்கர பேரிங் என்றால் கொஞ்சம் தளர்த்தி அடுத்த வெட்டுக்கு வரவேண்டும். இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெட்டுப்போகும். எஞ்சினுக்குள்ளே கனெக்டிங் ராடு என்றால் தளர்த்தவே கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் வெட்டைப் பிடிக்க வேண்டும். அதற்கும் வரவில்லையா? நட்டின் அடியைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரே கார், ஒரே பின், நேரெதிர் சட்டம்!

பின்னின் ஒரு கால் நீளமாக இருப்பது தயாரிப்புக் கோளாறு அல்ல. பிளையர் வைத்துப் பிரிக்க வசதி. ஒன்றை போல்ட்டின் தலைமேல் மடக்கி, மற்றதை நட்டின் பக்கவாட்டில் படிய வையுங்கள். மிச்சத்தை நறுக்கிவிடலாம்.

நான்கு ராடு, ராடுக்கு இரண்டு போல்ட். ஆரம்பிக்கும் முன்பே ஒரு தட்டில் எட்டுப் புதுப் பின்களை எண்ணி வையுங்கள். எஞ்சினின் அடிமூடியைப் போடும்போது தட்டு காலியாக இருக்கவேண்டும். நறுக்கி விழுந்த துண்டுகளையும் ஒன்றுவிடாமல் வெளியே எடுத்து, அதே தட்டில் போட்டு எண்ணிவிட்டு, பிறகு மூடுங்கள்.