பெருவிலங்கு வேட்டைக்கான ரிவால்வர் தோட்டா

மான், கரடி, காட்டெருது போன்ற கனத்த விலங்குகளைக் கிட்டத்தில் நின்று வீழ்த்தும் அளவுக்குப் பருமனும் எடையும் உள்ள குண்டைச் செலுத்தும் தோட்டாக்கள் இந்த வகையில் அடங்கும். .40 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 10 மி.மீ.க்கு, மேற்பட்ட விட்டமுள்ளவற்றையே பொதுவாகச் சேர்ப்பார்கள். இந்த வேட்டைமுறை வளர்ந்தது அமெரிக்காவில். மலாயாக் காடுகளில் அது வேர்விடவே இல்லை.

ஆசியாவில் இதற்கு நெருங்கிய முன்னோடி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் யானை அம்பாரியில் புலிவேட்டைக்குப் போன பிரிட்டிஷ் அதிகாரிகள் குட்டையான இரட்டைக் குழல் 'ஹௌடா பிஸ்டல்' வைத்திருந்தார்கள். சிலவற்றின் குழல் விட்டம் .577 அங்குலம். காயம்பட்ட புலி யானைமேல் தாவி ஏறிவிட்டால் உயிர் தப்புவதற்கான கடைசி ஆயுதம் அது, வேட்டையாட ரைஃபிள்தான். பின்னாளில் சேலம், நீலகிரிப் பக்கம் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்ததும் .405 வின்செஸ்டர் ரைஃபிளே.

ரிவால்வரை வேட்டைக் கருவியாக்கியதில் எல்மர் கீத் என்ற அமெரிக்கருக்குப் பெரும் பங்குண்டு. .44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தைக் கூட்டிக்கூட்டிச் சுட்டுப் பார்த்த அவருடைய பிடிவாதத்தின் பலனாக 1955இல் .44 மேக்னம் வந்தது. பழைய துப்பாக்கியில் யாரும் தவறிப் போட்டுவிடாதபடி அதன் உறையைக் கால் அங்குலத்தில் பாதியளவு நீட்டினார்கள். 1971இல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' படம் அதைச் சினிமா ரசிகருக்கும் தெரிந்த பெயராக்கியது. டிக் கசல் 1950களிலேயே உருவாக்கிய .454 கசல், 1983இல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் ரிவால்வர் வந்த பிறகே கடைக்கு வந்தது. 1980களில் ஜான் லைன்பா .475, .500 தோட்டாக்களை வடிவமைத்தார். 2003இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500 மேக்னம் வந்தது.

எண் பெரிதானால் வேட்டை நிச்சயம் என்று நினைப்பதுதான் இதில் பலர் செய்யும் பிழை. .44 மேக்னம் 15.6 கிராம் குண்டை ஏறத்தாழ 1,400 ஜூல் ஆற்றலோடு தள்ளுகிறது; .454 கசலில் அது 2,400 வரை போகும்; .500இல் 3,400ஐத் தொடும். ஆனால் யானை, காட்டெருமை வேட்டைக்காரர்களின் பழைய துணையான .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து ரைஃபிளின் ஆற்றல் 5,700க்கும் மேல். ரைஃபிளோடு ஆற்றலில் போட்டி போட முடியாத ரிவால்வர் குண்டு, ஆழமாகத் துளைத்தாக வேண்டும். அதனால்தான் கரடி போன்ற தடித்த தசையுள்ள விலங்குக்குத் தட்டை மூக்குள்ள, கடினமாக வார்த்த ஈயக் குண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மானுக்கு விரியும் குண்டே போதும்.

உதைப்பின் கணக்கு தனி. .500 ரிவால்வரின் நீண்ட குழல் வகை 2 கிலோவுக்கு மேல் கனக்கும். தோட்டாக்கள் அமரும் உருளையின் சுவர் தடிமன் குறையக்கூடாது என்பதால் ஆறுக்குப் பதில் ஐந்து அறைகள்தான். ஒவ்வொரு சூட்டின் உதைப்பிலும் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையைவிட்டு இழுபட்டு முன்னே நகரும். குண்டின் நுனி உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டால் உருளை சுழலாது. காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கையில் கையிலிருப்பது வெறும் இரும்பு! உறை வாயை இறுக மடித்த தோட்டாவுக்கு மதிப்பு அதனால்தான். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியே பீறிடும் வாயு விரலைக் கிழிக்கும் என்பதால் அங்கே கை வைக்கவே கூடாது.

பயிற்சியின்போது வலு குறைந்த தோட்டா உதவும். .454 துப்பாக்கி .45 கோல்ட்டையும், .44 மேக்னம் துப்பாக்கி .44 ஸ்பெஷலையும் ஏற்கும். குறி பிசகாமல் சுட முடிகிற அளவு எதுவோ அதுதான் அவரவர்க்கான தோட்டா. பல வேட்டைக்காரர்களுக்கு அது .44லேயே முடிந்துவிடுகிறது.

மலேசியாவின் நிலை வேறு. புலியும் செலாடாங் என்ற காட்டெருதும் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்புக்கு உரியவை. இதற்கு வெகு முன்பே, செலாடாங் வேட்டையைப் பற்றி 1905இல் நூல் எழுதிய தியோடர் ஹப்பேக், பின்னர் அதே விலங்குகளைக் காக்கப் போராடினார். இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு வித்திட்டவர் அவர். துப்பாக்கி வைத்திருக்க 1960 ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீஸ் உரிமம் வேண்டும். காட்டுப்பன்றி வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தனி. ஜார்ஜ் டவுன்வாசிக்கு ரிவால்வர் என்பது போலீஸ்காரர் இடுப்பில் கண்ட பொருள்தான். செபெராங் பெராய் போன்ற செம்பனைத் தோட்டப் பகுதிகளில் பன்றியைச் சுட ஏற்ற கருவி, மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் மடக்குத் துப்பாக்கியும் பருமனான ரவை அடைத்த 12 போர் தோட்டாவும்.